மருந்து அடிக்கும் முன் வயலில் இறங்கி எண்ணுங்கள்: நன்மை செய்யும் பூச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டைப் பக்கம் நெல்லும் கடலையும் உளுந்தும் போடுகிறவர்கள், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பூச்சிமருந்தே கூடாது என்று இங்கே யாரும் சொல்லப்போவதில்லை. அடிக்க வேண்டிய நாள் உண்டு. ஆனால் அந்த நாள் நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு, அது எந்த நாள் என்று தெரிய மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் வயலுக்குப் போக வேண்டும்.

நன்மை செய்யும் பூச்சி என்றால் தேனீதானே?

தேனீ அதில் ஒரு பங்குதான். பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று வாழ்பவை ஒரு கூட்டம்: பொறிவண்டு, தட்டான், ஊசித்தட்டான், கும்பிடுபூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சி, தரையில் ஓடும் கறுப்பு வண்டுகள். இன்னொரு கூட்டம், பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவின் உடம்புக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும் குட்டிக் குளவிகள். இவற்றை ஒட்டுண்ணி என்பார்கள். பலவற்றைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம், டிரைக்கோகிரம்மா குளவி அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சிலந்திக்கு எட்டுக் கால், கணக்குப்படி அது பூச்சியே இல்லை, இருந்தாலும் நெல் வயலில் அது செய்யும் வேலைக்கு அதை முதலில் சேர்க்க வேண்டும்.

மருந்து அடித்தால் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி இரண்டும்தானே சாகிறது, அப்புறம் இரண்டும்தானே திரும்பி வரும்? இதில் என்ன நஷ்டம்?

இரண்டும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை, நஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நெல் தண்டின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சியான புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையை இலை உறைக்குள் கீறி வைக்கிறது, மேலே அடிக்கிற மருந்து அந்த முட்டையைத் தொடுவதில்லை. வளர்ந்த பூச்சி செத்துவிடும், வயலும் சுத்தமாகத் தெரியும், நாமும் வீட்டுக்குப் போய்விடுவோம். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும்போது தின்ன பயிர் இருக்கிறது, அதைத் தின்ன வேண்டிய சிலந்தி இல்லை. புகையான் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். சிலந்திக்கு அதைவிட ரொம்ப நாள் பிடிக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பயிரைத் தின்னும் பூச்சிக்கு இரை எப்போதும் கண்முன்னே நிற்கிறது. பொறிவண்டுக்கு அப்படி இல்லை, செடியில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினி இருந்தால்தான் பொறிவண்டு. அதனால் முதலில் தீமை செய்யும் பூச்சி ஏறும், அதைப் பார்த்துத்தான் மற்றது வரும். இந்த இடைவெளி இயற்கையிலேயே இருப்பது. ஒவ்வொரு தெளிப்பும் அதை இன்னும் அகலமாக்கிவிடுகிறது.

மருந்து அடித்த பிறகு புகையான் கூடிவிட்டது. கடையில் போலி மருந்து கொடுத்துவிட்டார்களா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் அசல் மருந்துக்கும் இது நடக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் புகையானைப் பெருக்கிவிடும் என்பது பல வருடங்களாகத் தெரிந்த சங்கதி. நெல்லில் புகையான் இருக்கும்போது இவற்றைத் தொடாதீர்கள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே சொல்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று அடித்த மருந்துதான் பல இடங்களில் புகையானைக் கொண்டுவந்து விடுகிறது. புழு செத்தது உண்மை, கூடவே சிலந்தியும், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிட்டன, மூன்று வாரம் கழித்துப் புகையானால் வட்ட வட்டமாகப் பயிர் காய்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதே இல்லை.

இதை ஒரு நாடே பட்டு அனுபவித்திருக்கிறது. இந்தோனேசியாவில் அரசாங்கமே மானியம் கொடுத்து மருந்து அடிக்கவைத்தது, புகையான் அடங்கவில்லை, இன்னும் பெருகியது. கடைசியில் 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தார், அப்புறம் மானியத்தையும் படிப்படியாக எடுத்தார்கள். மருந்து குறைந்ததால் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

எதிர்ப்புச் சக்தி என்பது தனிக் கதை. இமிடாகுளோபிரிட் புகையானிடம் பழைய மாதிரி வேலை செய்வதில்லை என்று ஆசியாவில் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. டோஸைக் கூட்டினால் புகையானுக்கு ஒன்றும் ஆகாது, சிலந்திக்குத்தான் ஆகும்.

அப்படியானால் எத்தனை பூச்சி இருந்தால் அடிக்கலாம்?

இதற்கு எழுதிவைத்த கணக்கே உண்டு, பொருளாதாரச் சேத நிலை என்பார்கள். நெல்லில் புகையானுக்கு: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு தண்டுக்கு) 1 பூச்சி, குத்துக்கு (ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் தூர்களுக்கு) 1 சிலந்தி இருக்கிற வயலில் தூருக்கு 2 பூச்சி. நன்றாகக் கவனியுங்கள். சிலந்தி இருந்தால் இரண்டு மடங்கு புகையான் வரை பொறுக்கலாம் என்று அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. மருந்து செய்ய வேண்டிய வேலையில் பாதியைச் சிலந்தி செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓநாய் சிலந்தி ஒன்று நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடிக்கும், கூலி இல்லை, டீசல் இல்லை.

தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்து காய்வது, அல்லது 2 சதவீதம் வெண்கதிர். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் இலை) 5 சதவீதம். இந்த எண்ணுக்குக் கீழே இருக்கும்போது அடித்தால் மருந்துச் செலவு மிச்சப்படும் நெல்லைவிட அதிகம்.

எண்ணச் சொல்கிறீர்கள். எனக்கு எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரிதானே தெரிகிறது?

வெயில் ஏறும் முன் காலையில் இறங்குங்கள். வரப்பு ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிரயோஜனமில்லை, குறுக்காக நடந்து பத்து இடத்தில் பாருங்கள். பயிரை விலக்கி அடித்தூரைத் தட்டினால் தண்ணீரில் விழும். பழுப்பாக, குதித்து, பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிவது புகையான். அதே இடத்தில் பச்சையும் கறுப்புமாக மெலிந்து, விறுவிறுவென்று நடப்பது மிரிட் நாவாய்ப்பூச்சி. அது புகையானின் முட்டையை நாளைக்கு 7 முதல் 10 வரை உறிஞ்சிவிடும். முதுகில் கவை மாதிரிக் கோடு போட்ட சிலந்தி தண்ணீர்மேல் ஓடினால் அது ஓநாய் சிலந்தி.

அதிகமாகக் கொல்லப்படும் அப்பாவி பொறிவண்டின் புழுதான். வண்டை எல்லாருக்கும் தெரியும், சிவப்பாக அழகாக இருக்கும். அதன் புழு முதலைக்குட்டி மாதிரி கறுப்பாக, முள் முள்ளாக, மஞ்சள் புள்ளியோடு இருப்பதால் "புதுப் புழு வந்திருச்சு" என்று உடனே மருந்து வாங்கப் போய்விடுகிறார்கள். உளுந்திலும் தட்டைப்பயறிலும் அசுவினிக் கூட்டத்தின் நடுவே அதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள், வளரும் காலத்தில் நூற்றுக்கணக்கில் தின்னும். அதேபோல் செத்த புழுவின்மேல் வெள்ளையாக அரிசி மாதிரி ஒட்டியிருப்பது முட்டை அல்ல, குளவிக் கூடுகள். அசுவினி உப்பிப்போய்ப் பழுப்பாக, அசையாமல் இருந்தால் அதற்குள்ளும் குளவி இருக்கிறது. இலையில் மெல்லிய காம்பின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு நின்றால் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை.

கத்தரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பொறிவண்டு ஜாடையில், ஆனால் பளபளப்பில்லாமல், நிறையக் கறுப்புப் புள்ளிகளோடு, இலையைச் சுரண்டி வலை மாதிரி ஆக்குகிற ஒரு வண்டு உண்டு, எப்பிலாக்னா என்று பெயர். புழு மஞ்சளாக முள்ளோடு இருக்கும். அது சைவம், நம் பயிரைத்தான் தின்னும். அதைப் பொறுக்கி அழிக்கலாம்.

விதைத்து இருபது நாளிலேயே இலை சுருள்கிறது. உடனே அடிக்க வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். இளம்பயிர் கொஞ்சம் இலை போனால் தூர் கட்டி ஈடு செய்துகொள்ளும். வியட்நாமில் மீகாங் டெல்டாவில் 1994-ல், முதல் 40 நாளுக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்தே அடிக்காதீர்கள் என்று வானொலி நாடகம் வரை போட்டுப் பிரசாரம் செய்தார்கள், விவசாயிகள் தங்கள் வயலிலேயே ஒரு பகுதியை அடிக்காமல் விட்டுப் பார்த்துத்தான் நம்பினார்கள். அதை நீங்களும் செய்யலாம், ஒரு மூலையை விட்டுப் பாருங்கள்.

நம் பக்கம் இந்த நாற்பது நாளுக்கு இன்னும் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். காவிரிப் பாசனப் பகுதி மாதிரி இங்கே வருடம் முழுக்கப் பச்சை இல்லை. கண்மாயை நம்பி ஒரு போகம், பல இடத்தில் காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பு, தை மாசியில் அறுவடை முடிந்தால் ஆவணி வரை கட்டாந்தரை. மழை விழுந்ததும் நல்லதும் கெட்டதும் எல்லாமே புதிதாகக் குடியேற வேண்டும். சிலந்தி முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் புகையானுக்கு இடம் கஷ்டம். அந்த நேரத்தில் போய் அடித்தால் குடியேற வந்ததைத்தான் துரத்துகிறோம்.

அந்த ஆரம்ப நாளில் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழும் என்று கேட்கலாம். தண்ணீரில் மட்கும் குப்பையில் பெருகும் கொசு மாதிரியான சின்ன ஈக்களை. தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் போட்ட வயலில் அந்த ஈ அதிகம், அதனால் சிலந்தியும் சீக்கிரம் பெருகும். கிடை போடுவது வெறும் உரத்துக்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பச்சை முக்கோணம் போட்ட மருந்து பாதுகாப்பானதாமே?

யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டீர்களா? டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் மனிதனுக்கும் பாலூட்டிகளுக்கும் உள்ள நஞ்சின் அளவைச் சொல்வது, எலியிடம் சோதித்துப் பார்த்தது. சிவப்பு மிகக் கொடியது, பச்சை குறைந்தது. அடிக்கிற ஆளுக்கு அது ரொம்ப முக்கியம், சந்தேகமே இல்லை. ஆனால் தேனீக்கும் குளவிக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை. தயமீத்தாக்சம் நீல முக்கோணத்தில் வருகிறது, தேனீக்கோ அது நானோகிராம் கணக்கில் விஷம். இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயமீத்தாக்சம் மூன்றையும் திறந்தவெளிப் பயிரில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டதே தேனீக்காகத்தான். இவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேர்வதால், பூவில் நேராக அடிக்கவில்லையே என்று தப்பிக்க முடியாது.

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் ஒன்றும் ஆகாதல்லவா?

ரசாயனத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 5 சதவீதக் கரைசல், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, இரவு ஊறவைத்து வடிகட்டியது. அதைத் தின்னாத பூச்சிக்குப் பெரிய பாதிப்பில்லை. ஆனாலும் நேராக மேலே பட்டால் மென்மையான இளம்புழுக்கள் கொஞ்சம் சாகும், எனவே அதையும் வாராவாரம் சடங்கு மாதிரி அடிக்காதீர்கள்.

"இயற்கையிலிருந்து எடுத்தது" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஸ்பைனோசாட் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து வருவதுதான், ஈரம் காயும் முன் தேனீ தொட்டால் சாகும், ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் ஆகாது.

அடித்தே ஆக வேண்டும் என்றால் எது கெடுதல் குறைவு?

புழுவுக்கு என்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், அது புழு தின்றால்தான் வேலை செய்யும். ரசாயனத்தில் குளோரான்ட்ரனிலிபுரோல் தேனீக்கும் குளவிக்கும் ஒப்பீட்டளவில் சாது. புகையானுக்குப் புப்ரோபெசின் அல்லது பைமெட்ரோசின். முன்னது தோலுரிப்பைத் தடுக்கும், பின்னது சாறு உறிஞ்ச விடாமல் செய்யும், இரண்டும் சிலந்தியை விட்டுவைக்கும். உடனே செத்து விழாது, அதனால் மறுநாளே "மருந்து வேலை செய்யலை" என்று இன்னொன்றைக் கொண்டுபோய் ஊற்றாமல் பொறுமையாக இருக்க வேண்டும். நாசிலை அடித்தூருக்குக் கொண்டுபோங்கள், இலைமேல் அடித்துப் பயனில்லை. முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடவிலேயே எட்டடிக்கு ஓர் அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் போய்ப் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அப்புறம் எதற்குக் கவலை?

நெல்லுக்குத் தேவையில்லைதான். பீர்க்கு, புடல், பாகல், பூசணிக்குத் தேவை, ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பிஞ்சு வெம்பி விழுகிறது என்று டானிக் வாங்கி அடிக்கிறவர்கள் காலையில் கொஞ்ச நேரம் பூவருகே நின்று தேனீ வருகிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கலாம். எள்ளிலும் சூரியகாந்தியிலும் தேனீ வந்தால் மணி பிடிப்பு கூடும். மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்கள் முக்கியம், கத்தரிப் பூவை உலுக்கி மகரந்தம் எடுக்க நீலக்கோட்டுத் தேனீயும் கருவண்டும் வேண்டும். பழைய வீட்டுச் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ குடியிருந்தால் கரையானுக்கு அடிக்கும் மருந்தை அங்கே அடித்துவிடாதீர்கள்.

பூ நிறைந்திருக்கும்போது அடிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் அடியுங்கள், தேனீ கூட்டுக்குப் போயிருக்கும், விடிவதற்குள் காய்ந்துவிடும். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடையில் மூன்று மருந்தைக் கலந்து "ஒரே டேங்க்" என்று தருகிறார்கள்.

பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, டானிக் ஒன்று. எதற்கு என்றே தெரியாமல் அடிப்பது இது. பூச்சிகளுக்கு நோய் கொடுத்துக் கொல்லும் பூஞ்சைகளும் வயலில் உண்டு, பூஞ்சாணக்கொல்லி அவற்றையும் சேர்த்து அழிக்கும். அப்படிப்பட்ட பூஞ்சையான பவேரியாவை வாங்கி அடித்துவிட்டு அடுத்த நாள் பூஞ்சாணக்கொல்லி அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பக்கத்து வயல்காரர் அடிக்கிறார். நான் அடிக்காவிட்டால் எல்லாம் என் வயலுக்குத்தானே வரும்?

தப்பிக்கிற சிலந்தியும் உங்கள் வயலுக்குத்தான் வரும், அதையும் கணக்கில் சேருங்கள். உண்மையான தொந்தரவு காற்றில் வரும் சாரல்தான், அதிலும் ட்ரோன் வந்த பிறகு. ஒரே மடையில் தண்ணீர் வாங்குகிறவர்கள் கூடிப் பேசிப் பத்துப் பதினைந்து நாள் வித்தியாசத்துக்குள் விதைத்துவிட்டால், பூச்சி வயல்விட்டு வயல் தாவிப் பெருகுவது குறையும். பேசிப் பாருங்கள். கண்மாய்த் தண்ணீருக்குப் பேசுகிற பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டிரைக்கோகிரம்மா அட்டை கட்டினேன், பலனே இல்லை.

எப்போது கட்டினீர்கள், முன்பின் என்ன அடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. அந்த அட்டையில் ஒட்டியிருப்பது குளவி உள்ளே வளரும் முட்டைகள், வெளியே வரும் குளவி பூச்சியின் முட்டையைத்தான் தாக்கும், புழு வந்த பிறகு கட்டிப் பயனில்லை. நடவு நெல்லில் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் 30, 37-ஆம் நாளில். இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் 37, 44, 51-ஆம் நாளில். ஹெக்டேருக்குத் தடவைக்கு 5 சிசி, ஏக்கருக்கு 2 சிசி (சிசி என்பது அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு). புழுதி விதைப்பில் இந்த நாள் கணக்கு அப்படியே பொருந்தாது, அந்துப்பூச்சி பறக்க ஆரம்பிப்பதைப் பார்த்துக் கட்டுங்கள். அட்டையைத் துண்டுகளாக வெட்டி இலையின் அடிப்பக்கம் மாலையில் கட்டுங்கள். வாங்கிய அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால் குளவி அங்கேயே பொரிந்துவிடும்.

வரப்பில் என்ன போடலாம்?

தட்டைப்பயறு, உளுந்து, எள், செண்டுமல்லி. தட்டைப்பயற்றில் வரும் அசுவினி நெல்லை ஒன்றும் செய்யாது, அதைத் தின்று பெருகும் பொறிவண்டு நமக்கு லாபம். குளவிகளுக்கு உயிரோடு இருக்கத் தேன் வேண்டும், நெற்பயிரில் தேன் கிடையாது. வரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கினால் இந்த உணவு போய்விடும். கடலையில் ஆமணக்கை ஓரமாக வைத்தால் இலை தின்னும் புரொடீனியா புழுவின் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும், இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

மருந்தே இல்லாமல் பூச்சியை அடக்கிய கதை எங்காவது உண்டா?

தமிழ்நாட்டிலேயே உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. மெழுகு உடம்பு, எந்த மருந்தும் ஒட்டவில்லை. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி கிடையாது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, மாநிலம் முழுக்க விட்டார்கள், ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிட்டது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் அன்று விவசாயிகளிடம் வைத்த ஒரே கோரிக்கை.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம், ஊரில் தென்னந்தோப்பு ஆள் வைத்துப் பார்க்கிறது. வெள்ளை ஈ, இலையெல்லாம் கறுப்பு. மாதாமாதம் மருந்துக்குப் பணம் அனுப்புகிறோம்.

செட்டிநாட்டில் பாதித் தோப்பின் கதை இதுதான், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாட்ஸப்பில் விவசாயம். அந்தப் பணத்தை நிறுத்துங்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இது. இதற்கு என்கார்சியா என்ற குளவி தோப்பிலேயே இருக்கும், ரசாயனம் அடித்தால் முதலில் போவது அதுதான். தோப்புக்காரரிடம் ஓலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலிக் கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் அதிலிருந்து குளவி வெளியேறியிருக்கிறது, "டி" எழுத்து மாதிரி கிழிந்திருந்தால் வெள்ளை ஈ. வட்டம் நிறைய இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். இல்லை என்றால் குளவி இருக்கும் தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளை வாங்கிவந்து மரத்தில் கட்டச் சொல்லுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்குப் பத்து கட்டலாம். கறுப்புப் படலத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய பசையை அடித்தால் காய்ந்து உரிந்து விழும்.

நேரில் யாரிடம் காட்டிக் கேட்பது?

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையமும் உண்டு. பூச்சியைக் கசக்கிக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் இலையோடு உயிரோடு போட்டு, எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.